கட்டணச் சொற்செயலியும் கரையோரத்துத் தமிழும்: யாருக்காக இந்த வசதிகள்?

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. அதே நாளில் ஒபிஸ் 2016, ஒபிஸ் 2019 பதிப்புகளுக்கான ஆதரவும் முடிவுக்கு வந்தது. இரண்டு வாரம் கழிவதற்குள், ஒக்டோபர் 27 ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு அந்த நிறுவனத்துக்கு எதிராக நீதிமன்றம் சென்றது. கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்து மைக்ரோசொப்ட் 365 சந்தாவின் விலையைக் கூட்டியபோது, கோபைலட் இல்லாத 'கிளாசிக்' திட்டம் பழைய விலையிலேயே இருப்பதை வாடிக்கையாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே குற்றச்சாட்டு. அங்கே தனிநபருக்கான ஆண்டுச் சந்தா 109 அவுஸ்திரேலிய டொலரிலிருந்து 159 டொலராக உயர்ந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 27 இலட்சம் பேர் என்று ஆணைக்குழு கூறியது. பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திரும்பப் பெறவும் வழிவிட்டது.

கல்முனைக்கும் இந்தச் செய்திகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கல்முனை நகரில், சாய்ந்தமருதில், மருதமுனையில், அக்கரைப்பற்றில் பிரதேச செயலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அருகில் இருக்கும் தட்டச்சு, போட்டோக்கொப்பிக் கடைகளுக்குள் போய்ப் பாருங்கள். காணி விண்ணப்பம், சத்தியக் கடதாசி, காணாமற்போனவர் பற்றிய முறைப்பாடு, இழப்பீட்டுக் கோரிக்கை, பள்ளிவாசல் நிர்வாகக் கடிதம், ஆலயக் கணக்கறிக்கை எல்லாம் ஒரே மென்பொருளில்தான் தயாராகின்றன. அது வேர்ட். பெரும்பாலான இடங்களில் அதற்கு யாரும் பணம் செலுத்தியிருக்கமாட்டார்கள். அதில் எழுதப்படும் தமிழ் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும்.

இந்த மென்பொருளுக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா, கொடுத்தால் நமக்கு என்ன கிடைக்கிறது என்று இந்தக் கரையோரத்தில் எழுத்தோடு பிழைக்கும் பலரிடம் கடந்த சில மாதங்களாகக் கேட்டுவருகிறேன். கிடைத்த பதில்கள் விலையைப் பற்றித் தொடங்கி வேறு இடங்களில் போய் முடிந்தன.

பயன்படுத்துவோர் சொல்வது

தட்டச்சுக் கடைக்காரர்களின் கருத்து ஏறத்தாழ ஒன்றுதான். வேர்ட் நல்ல மென்பொருள். அட்டவணை போடலாம், ஒரே கடிதத்தை நூறு பெயர்களுக்கு மாற்றி எடுக்கலாம், பக்க அளவைச் சொன்னபடி நிறுத்தலாம். ஆனால், மாதாமாதம் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வியாபாரமில்லை தங்களுடையது என்கிறார்கள். கணினி வாங்கும்போது கடைக்காரர் போட்டுத் தந்ததுதான் இன்றுவரை ஓடுகிறது. அது உடைக்கப்பட்ட பிரதி என்று தெரிந்தவர்களும் உண்டு, ஒபிஸ் என்பது கணினியோடு இலவசமாக வருவது என்று நம்புகிறவர்களும் உண்டு.

அச்சகங்களின் உலகம் வேறு. அங்கே இன்னும் பேஜ்மேக்கர் உயிரோடு இருக்கிறது. அடோபி நிறுவனம் 2001 இல் வெளியிட்ட 7 ஆம் பதிப்போடு அந்த மென்பொருளின் வளர்ச்சி நின்றுவிட்டது. அதற்கு யூனிக்கோட் தமிழ் புரியாது. அதனால் கையெழுத்துப் பிரதி எந்த வடிவில் வந்தாலும் அதைப் பாமினிக்கு மாற்றியே பக்கம் அமைக்கிறார்கள். புதிய இன்டிசைனுக்கு மாறலாமே என்றால், 2013 முதல் அடோபி தன் புதிய பதிப்புகளைச் சந்தாவாக மட்டுமே தருகிறது என்பதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கலியாண அட்டையும் நினைவு மலரும் அடிக்கும் சிறிய அச்சகத்துக்கு அது கட்டுப்படியாகாது.

ஆசிரியர்களும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளையவர்களும் வேறொரு பக்கம் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பாமினியே தெரியாது. தொலைபேசியில் யூனிக்கோட்டில் எழுதுகிறார்கள், கூகுள் டொக்ஸில் சேமிக்கிறார்கள். ஆய்வுக்கட்டுரையை மேற்பார்வையாளர் திருத்தும்போது ஒவ்வொரு திருத்தத்தையும் தடம்பிடித்துக் காட்டும் வசதிக்காக மட்டும் வேர்ட்டுக்கு வருகிறார்கள். பல்கலைக்கழகம் உரிமம் தந்தால் பயன்படுத்துவோம், பட்டம் முடிந்ததும் விட்டுவிடுவோம் என்பது அவர்கள் கணக்கு.

மொழிபெயர்ப்பாளர்களும் மனித உரிமை அமைப்புகளோடு வேலை செய்வோரும்தான் கட்டணம் செலுத்தத் தயங்காதவர்கள். கொழும்பிலிருந்தும் ஜெனீவாவிலிருந்தும் வரும் கோப்புகள் எல்லாம் வேர்ட் வடிவில் வருகின்றன. திருப்பி அனுப்பும்போது ஒரு வரி நகர்ந்திருந்தாலும் சங்கடம். அவர்களுக்கு இது தொழிற்கருவி. தச்சர் உளி வாங்குவதைப்போல வாங்குகிறார்கள்.

சுயாதீனமாக எழுதும் என்னைப் போன்றவர்கள் இந்த எல்லாத் தரப்புக்கும் நடுவில் இருக்கிறோம். ஒரு பத்திரிகை பாமினியில் கேட்கும், ஒரு இணையத்தளம் யூனிக்கோட்டில் கேட்கும். ஒரே கட்டுரையை இரண்டு முறை தயார்செய்து, மாற்றும்போது சிதைந்த எழுத்துகளை இரண்டு முறை சரிபார்ப்பதுதான் எங்கள் நடைமுறை.

விலை என்ற முதல் சுவர்

2025 ஜனவரியில் மைக்ரோசொப்ட் 365 தனிநபர் சந்தா அமெரிக்காவில் மாதம் 6.99 டொலரிலிருந்து 9.99 டொலராக உயர்த்தப்பட்டது. ஒரு டொலரை 300 ரூபாய் என்று கொண்டால் அது மாதம் ஏறத்தாழ 3,000 ரூபாய், ஆண்டுக்கு 36,000 ரூபாய்க்குக் கிட்ட. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியதை இந்த நாடு பார்த்திருக்கிறது. டொலரில் விலை குறிக்கப்பட்ட எந்தச் சந்தாவும் அப்படியொரு நாளில் ஒரே இரவில் ஏறக்கூடியது. இதற்கு மேல் வரியும் இருக்கிறது. 2025 இல் நிறைவேறிய பெறுமதிசேர் வரித் திருத்தச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் இணையவழி வழங்கும் சேவைகளையும் 18 வீத வரிக்குள் கொண்டுவந்தது. முதலில் 2025 ஒக்டோபர் 1 எனக் குறிக்கப்பட்ட அமுலாக்கத் திகதி தள்ளிவைக்கப்பட்டதே தவிர, கொள்கை கைவிடப்படவில்லை.

சந்தா முறைக்கு இன்னொரு குணமும் உண்டு. முன்பு ஒருமுறை வாங்கினால் பழைய பதிப்பையாவது வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். சந்தாவில் பணம் கட்டத் தவறினால், கணினியில் உள்ள வேர்ட் உங்கள் கோப்பைத் திறந்துகாட்டும், அச்சிடவும் விடும். ஆனால், அதில் ஓர் எழுத்தைத் திருத்தவோ புதிதாக ஒன்றை எழுதவோ விடாது. கோப்பு உங்களுடையது, பேனா வாடகைக்கு.

இந்த நிலையில் நாட்டில் களவுப் பிரதி பரவியிருப்பதில் வியப்பில்லை. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. 2018 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2017 இல் இலங்கைக் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருள்களில் 77 வீதம் உரிமம் இல்லாதவை. கணக்கிட்டவர்கள் விற்பனையாளர் தரப்பினர் என்பதை நினைவில் வைத்தே இந்த எண்ணை வாசிக்க வேண்டும். ஆனாலும், கல்முனை பிரதான வீதியில் நடந்து பார்ப்பவருக்கு அது மிகையாகத் தெரியாது.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. ஆகவே இது சட்டப்படி குற்றம். இதைவிட நெருக்கமான ஆபத்து வேறு. உரிமப் பூட்டை உடைக்க இணையத்திலிருந்து இறக்கும் சிறு நிரல்களோடு தீநிரல்களும் சேர்ந்துவருவது வழமை. ஒரு தட்டச்சுக் கடையின் கணினியில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அடையாள அட்டை இலக்கமும் காணி விபரமும் பிள்ளை காணாமற்போன கதையும் கிடக்கின்றன. பாதுகாப்பு இற்றைப்படுத்தல் நின்றுபோன விண்டோஸ் 10 இல், உடைக்கப்பட்ட ஒபிஸில் அவை கிடக்கின்றன.

அம்மா என்று எழுதினால் கணினிக்கு என்ன விளங்குகிறது?

விலையைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடும் விடயம் ஒன்று இருக்கிறது. பாமினியில் 'அம்மா' என்று தட்டும்போது நமக்குத் திரையில் அம்மா தெரிகிறது. கணினியின் நினைவில் பதிவது ஆங்கிலத்தின் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, பிறகு எச். அந்த ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ் உருவம் பூசிக் காட்டுவதுதான் பாமினி செய்யும் வேலை. எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழ் போய்விடும், ஆங்கிலக் குவியல் மிஞ்சும்.

யூனிக்கோட் அப்படியல்ல. அங்கே தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் உலகப் பொதுவான இலக்கம் இருக்கிறது. 1991 இல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 இயங்குதளம் லதா எழுத்துருவோடு யூனிக்கோட் தமிழைக் கொண்டுவந்தது. இலங்கையிலும் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரம் 2008 இல் வந்து, தட்டச்சுப்பொறி வழிவந்த ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. தொழில்நுட்பம் தயாராகி இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. தயாராகாமல் இருப்பது நமது பழக்கமும் நமது அலுவலகங்களும்.

இதை ஒரு தொழில்நுட்பச் சில்லறை விடயமாக ஒதுக்க முடியாது. 1990 இல் இந்தக் கரையோரத்தில் நடந்தவற்றை எண்ணிப்பாருங்கள். அந்த ஆண்டு ஜூனில் கல்முனையில், ஓகஸ்டில் வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், பிடித்துச்செல்லப்பட்டவர்கள் திரும்பவில்லை. அதே ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களை, 10,000 இற்கும் அதிகமானவர்களை, இழந்தது அம்பாறை மாவட்டம். வீட்டோடு உறுதிப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் போயின. அதன் பிறகு ஆணைக்குழுக்கள் வந்தன, அலுவலகங்கள் வந்தன. ஒரே குடும்பம் ஒரே கதையை மறுபடியும் மறுபடியும் தட்டச்சுக் கடையில் சொல்லி எழுதுவித்தது. அந்தக் கோப்புகளில் பெரும்பகுதி பாமினியில் இருக்கிறது.

அவற்றில் ஒரு பெயரைத் தேட முடியாது. ஒரு கிராமத்தில் எத்தனை முறைப்பாடுகள் என்று எண்ண முடியாது. அகரவரிசைப்படுத்த முடியாது. வேர்ட்டின் விலையுயர்ந்த தேடல் வசதியும் வரிசைப்படுத்தும் வசதியும் யூனிக்கோட் தமிழுக்கு வேலை செய்யும், பாமினிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகளை வரிசைப்படுத்தும். நாம் களவெடுத்த மென்பொருளின் முக்கால்வாசி வசதிகளைக்கூட நம் எழுத்துருவால் அனுபவிக்க முடியவில்லை என்பதே உண்மை நிலை.

மாற்றிவிடலாமே என்பார்கள். மாற்றலாம். சுரதா யாழ்வாணன் உருவாக்கிய மாற்றி பல ஆண்டுகளாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, புலம்பெயர்ந்த தமிழ் ஊடகங்களும் நம்மவர்களும் அதனால் அடைந்த பயன் பெரியது. ஆனால் மாற்றி, தன்னிடம் தரப்படும் எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். அறிக்கைக்கு நடுவில் ஆங்கிலத்தில் இருக்கும் பகுதிகளும் அதோடு மாறிவிடும். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் இறுதியில் வரும் ஆங்கில 'வி' எழுத்து, பாமினிக் கணக்கில் 'ஏ'. 'எக்ஸ்' என்றால் 'ஓ'. ஆங்கிலக் காற்புள்ளி 'இ' ஆகிவிடும். காணாமற்போன மகனின் அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்களோடு ஓர் 'ஏ' எழுத்துமாக முடிந்திருக்கும் ஒரு கோப்பை, சரிபார்க்காமல் ஒரு தரவுத்தளத்தில் ஏற்றினால் என்ன நடக்கும்? அந்த இளைஞன் இரண்டாவது தடவையும் காணாமற்போவான்.

சிவப்புக் கோட்டின் அரசியல்

கட்டண மென்பொருள்களை ஆதரிப்பவர்கள் முன்வைக்கும் பெரிய காரணம் திருத்த வசதிகள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது நியாயமான காரணம். எழுத்துப்பிழை, இலக்கணம், நடை என்று ஒவ்வொன்றாகக் காட்டித்தருகிறது. தமிழுக்குச் சொற்திருத்தி இருந்தாலும் இலக்கணத்துக்கும் நடைக்கும் ஆங்கிலத்துக்குக் கிடைப்பதுபோல எதுவும் கிடைப்பதில்லை. ஆங்கில வசதிகளுக்கான விலையைத் தமிழில் எழுதுபவரும் முழுமையாகச் செலுத்துகிறார்.

தமிழ் ஒட்டுநிலை மொழி. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்தும்' என்பது ஒரே சொல். இப்படி ஒரு வினையடியிலிருந்து கிளைக்கும் வடிவங்கள் ஆயிரக்கணக்கில் போகும். அவற்றை வெறும் பட்டியலாக வைத்துத் திருத்த முடியாது, சொல்லைப் பிரித்துப் பார்க்கும் இலக்கண அறிவு நிரலுக்கு வேண்டும். அது நீண்டகால ஆய்வும் செலவும் கேட்கும் வேலை.

இதற்கு மேல் இலங்கைக்கே உரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. எந்தச் சொற்திருத்தியும் தன் அகராதியில் உள்ளதைத்தான் சரி என்று அறியும். நான் பயன்படுத்திப் பார்த்த ஒன்று 'ஒக்டோபர்', 'டொலர்' என்பவற்றின் கீழே சிவப்புக் கோடு போட்டது. வாப்பா, உம்மா, ராத்தா, மௌத்து, ஜனாஸா எல்லாவற்றின் கீழும் கோடு போட்டது. ஒரே மனிதரின் பெயர் முஹம்மது, முகம்மட், மொஹமட் என்று மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கும் ஊர்கள் இவை. அந்தப் பெயர்களின் கீழும் கோடு.

கோடுதானே என்று விடலாம். ஆனால் 2020 இல் கொவிட் தொற்றில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரிக்கும் உத்தரவு வந்து, 2021 பெப்ரவரி இறுதியில்தான் அது விலக்கப்பட்டது. அந்தப் பத்து மாதங்களில் இந்த ஊர்களிலிருந்து எழுதப்பட்ட ஒவ்வொரு மனுவிலும் 'ஜனாஸா' என்ற சொல் இருந்திருக்கும். அந்தச் சொல்லைப் பிழை என்று காட்டும் கருவி, 'சடலம்' என்றோ 'பிரேதம்' என்றோ மாற்றிவிடத் தூண்டும் கருவி, யாருடைய தமிழைச் சரியான தமிழாக எடுத்துக்கொண்டிருக்கிறது? சென்னையின் எழுத்துவழக்கும் ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் சொற்களஞ்சியமும் மட்டும் தரமாகிவிட்டால், கிழக்கின் தமிழும் முஸ்லிம்களின் தமிழும் நிரந்தரமாகச் சிவப்புக் கோட்டின் மேல்தான் நிற்கும்.

சென்னையிலிருந்து ஒரு முயற்சி

தமிழுக்கென்றே கட்டணச் சொற்செயலி இல்லாமலில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மொழியியலாளர் ந. தெய்வசுந்தரம் உருவாக்கிய 'மென்தமிழ்' அத்தகையது. சொற்பிழை திருத்தி, சந்திப்பிழை திருத்தி, அகராதி, எழுத்துருக் குறியாக்க மாற்றி, தமிழ் அகரவரிசையாக்கம், பல வகை விசைப்பலகைகள் என்று தமிழில் எழுதுபவருக்குத் தேவையானவற்றை ஒரே இடத்தில் சேர்த்த மென்பொருள் அது. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் கணினித் தமிழ் விருதின் 2013 ஆம் ஆண்டுக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய 'முரசு' வரிசையும் இப்படித் தமிழை மையமாக வைத்து வளர்ந்ததே.

இவற்றைப் பற்றிய பயனர் கருத்துகளில் ஒரு முரண்பாடு எப்போதும் தெரிகிறது. தமிழ் மென்பொருள் தரமாக இல்லை என்று குறைப்படுகிறவர்களே, அதற்கு விலை வைத்தால் தமிழை விற்கிறார்கள் என்று கோபப்படுகிறார்கள். மொழியியல் ஆய்வு வானத்திலிருந்து விழுவதில்லை. ஒருவர் பல ஆண்டு உழைத்துச் செய்ததற்குச் சம்பளம் வேண்டும். மறுபுறம், 'நீச்சல்காரன்' என்ற பெயரில் அறியப்படும் ஆர்வலர் 'வாணி' திருத்தியையும் 'நாவி' சந்தித் திருத்தியையும் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறார். ஒரு மொழியின் அடிப்படைக் கருவிகளைத் தனிமனித ஆர்வத்தின் தோளில் எவ்வளவு காலம் ஏற்றிவைக்க முடியும் என்பதே கேள்வி. வீதியைப்போல, நூலகத்தைப்போல இது பொதுப்பணத்தில் செய்யவேண்டிய வேலை.

இலவசமும் அதன் விலையும்

2010 இல் தொடங்கிய லிப்ரே ஒபிஸ் முற்றிலும் இலவசம், கட்டற்றது. இடைமுகத்தையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஜேர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்ரைன் மாநில அரசு தனது 30,000 அளவிலான அலுவலகக் கணினிகளை அதற்கு மாற்றுவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. பணக்கார நாட்டின் ஒரு மாநிலம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் தங்கியிருக்கக்கூடாது என்று முடிவெடுக்கும்போது, வங்குரோத்து அறிவித்து மீண்டுவரும் நாட்டின் அலுவலகங்கள் அதைப் பற்றி யோசிப்பது கெளரவக்குறைவு ஆகாது.

குறைகளும் உண்டு. வேர்ட்டில் செய்த சிக்கலான அட்டவணை லிப்ரே ஒபிஸில் திறக்கும்போது சில வேளை குலைந்துபோகும். கொழும்பு அலுவலகம் வேர்ட் கோப்புத்தான் கேட்கும். கூகுள் டொக்ஸுக்கு இணைய இணைப்பு பெரும்பாலும் வேண்டும், கோப்பும் நம் கையில் இல்லை. கடைக்காரரின் கைப்பழக்கம் என்ற தடை இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆயினும் அந்தத் தடை நாம் நினைப்பதைவிடச் சிறியது. பாமினியின் அதே விசை ஒழுங்கில் தட்டி யூனிக்கோட் தமிழைப் பெறும் வசதி என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச நிரல்களில் பல ஆண்டுகளாக இருக்கிறது. விரல்கள் பழைய இடத்திலேயே ஓடலாம். சேமிப்பது மட்டும் தமிழாக இருக்கும்.

கோப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்பது போரால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனிக் கேள்வி. 2025 ஓகஸ்டில் மைக்ரோசொப்ட், வேர்ட்டில் தொடங்கும் புதிய ஆவணங்கள் இயல்பாகவே மேகச் சேமிப்புக்குப் போகும் மாற்றத்தை, முதற்கட்டமாகச் சோதனைப் பயனர்களுக்கு, அறிவித்தது. வெள்ளத்திலும் சுனாமியிலும் கணினி போனாலும் கோப்பு தப்பும் என்ற அளவில் அது நன்மை. ஆனால், பெயரும் முகவரியும் சொல்லித் தரப்பட்ட வாக்குமூலம் எங்கேயோ ஒரு சேவையகத்தில் இருப்பதை, அதைச் சொன்ன தாய் அறிந்து சம்மதித்திருக்க வேண்டும். இந்த நாட்டில் தமிழில் எழுதிய எழுத்துக்காக மனிதர்கள் சிறை போயிருக்கிறார்கள். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்ற கவிதை நூலின் பேரில் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023 டிசம்பரில்தான் விடுதலையானார். தமிழ் எழுத்து எங்கே, யாரால், எப்படி வாசிக்கப்படும் என்ற அச்சம் இங்கே கற்பனை அல்ல.

அரசின் பங்கு

அரசியலமைப்பின்படி தமிழ் ஓர் அரசகரும மொழி. 1988 இன் 16 ஆவது திருத்தம் வடக்கு, கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாகவும் ஆவணங்களைப் பேணும் மொழியாகவும் வைத்தது. ஆனால் அம்பாறை நகரிலுள்ள மாவட்டச் செயலகத்திலிருந்து கரையோரத்துக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருகிறது என்ற முறைப்பாடு, கரையோர மாவட்டக் கோரிக்கை அளவுக்குப் பழையது. தமிழில் வரும் அரச ஆவணங்களிலும் பல, திரையில் அழகாகத் தெரிந்து, பிரதிசெய்து ஒட்டினால் ஆங்கிலக் குவியலாகும் பழைய எழுத்துருவில் இருக்கின்றன. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் அதை வாசிக்காது. தேடுபொறி அதைக் கண்டுபிடிக்காது. மொழி உரிமை கடதாசியில் நிறைவேறி, கணினியில் மறுக்கப்படுகிறது.

இதைக் கேள்வி கேட்க வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பிரதேச செயலகம் மென்பொருள் உரிமங்களுக்கு எவ்வளவு செலவிடுகிறது, தமிழ் ஆவணங்களை எந்தக் குறியாக்கத்தில் பேணுகிறது என்று எவரும் கேட்கலாம். 1991 இன் சட்டத்தால் உருவான அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். கல்முனையில் தமிழர்களும் முஸ்லிம்களும் பிரதேச செயலகத்தின் எல்லைக்காக இன்னும் முரண்பட்டு நிற்கிறார்கள். எல்லை எங்கே வந்தாலும் இரு தரப்பின் கோப்பும் ஒரே பாமினியில்தான் புதைந்திருக்கிறது. பொத்துவில் கனகர் கிராமத்துத் தமிழ்க் குடும்பங்களின் காணிக் கோரிக்கையும், அக்கரைப்பற்று நுரைச்சோலையில் கட்டிமுடித்தும் கைக்குக் கிடைக்காத 500 சுனாமி வீடுகளுக்காகக் காத்திருந்த முஸ்லிம் குடும்பங்களின் மனுக்களும் ஒரே வகைக் கடைகளிலிருந்து புறப்பட்டவையே. இருவரும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒரு கோரிக்கை இது.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை

கட்டணம் செலுத்தலாமா என்று கேட்பவருக்கு என் பதில், உங்கள் வேலை எது என்பதைப் பொறுத்தது என்பதே. வெளிநாட்டு நிறுவனங்களோடு கோப்புப் பரிமாறும் மொழிபெயர்ப்பாளருக்கு வேர்ட் சந்தா நியாயமான செலவு. வாங்கும் முன் கோபைலட் இல்லாத மலிவான திட்டம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அவுஸ்திரேலிய வழக்கின் பாடம் அதுதான். கடிதமும் மனுவும் தட்டும் கடைக்கு லிப்ரே ஒபிஸும் யூனிக்கோட்டும் போதும். களவுப் பிரதியோடு தொடர்வதில் மிச்சமாகும் பணத்தைவிட, வாடிக்கையாளரின் விபரங்கள் வெளியேறும் ஆபத்துப் பெரிது. தமிழ் மென்பொருள் வாங்குவதாயின் ஒரு மாதிரிப் பக்கத்தை, நம் ஊர்ப் பெயர்களும் நம் வழக்குச் சொற்களும் உள்ள பக்கத்தை, அதில் போட்டுப் பார்த்தபின் வாங்குங்கள்.

தட்டச்சுக் கடைக்குப் போகும் குடும்பங்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். அச்சிட்ட தாளோடு கோப்பையும் ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். யூனிக்கோட்டில் தட்டித் தரும்படி சொல்லுங்கள். பழைய கோப்பை மாற்றினால் பெயர், திகதி, அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

2005 முதல் இலங்கைத் தமிழ்பேசும் மக்களின் எழுத்துகளை இணையத்தில் பாதுகாத்துவரும் நூலகம் நிறுவனம், ஒரு சமூகம் தன் ஆவணங்களைத் தானே காப்பாற்ற முடியும் என்பதைக் காட்டியிருக்கிறது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த மக்களுக்கு ஆவணம் அழிவதென்றால் நெருப்பு என்றே நினைவு. கல்முனையின் கடைகளில் ஆவணங்கள் நெருப்பில்லாமலே அழிந்துகொண்டிருக்கின்றன. கணினி பழுதாகிறது, புதிய கணினியில் பாமினி இல்லை, திறந்தால் ஆங்கில எழுத்துகள், பிறகு யாரும் திறப்பதில்லை. அந்தக் கடைகளிலுள்ள வன்தட்டுகளை மாற்றிச் சேமிக்க ஒரு பல்கலைக்கழகத் துறையும் சில பொதுநல அமைப்புகளும் சேர்ந்தால் ஓரிரு வருட வேலை. அதற்குத் தேவையான மென்பொருள் எல்லாம் இன்றே இலவசமாகக் கிடைக்கிறது. உரியவர்களின் சம்மதத்தோடு அதைத் தொடங்குவதற்கு, மனுக்களைச் சொல்லி எழுதுவித்த தாய்மார் உயிரோடு இருக்கும் இந்த வருடங்களே உகந்தவை.